வீட்டுக்கு வேக்யூம் சீலர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் எழும் கேள்விகள்

வேக்யூம் சீலர் என்னதான் செய்கிறது?

பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. பிறகு பையின் வாயைச் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் சமையலறையில் பல பொருட்கள் வீணாவதற்குக் காற்றுதான் காரணம் என்பதால் இந்தச் சின்ன வேலைக்கே பலன் பெரிது. காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். நிலக்கடலையில் சிக்கு வாடை வருவதும், மிளகாய்த்தூள் நிறம் மங்குவதும், பருப்பில் வண்டு பெருகுவதும் அதனால்தான். ஃப்ரீசரில் வைத்த மீன் வெளிறி, ஓரமெல்லாம் வறண்டு, சக்கை மாதிரி ஆவது வேறு வழியில். மீனிலுள்ள பனிக்கட்டி நேரடியாக ஆவியாகிப் பைக்குள் இருக்கும் காற்றிடத்துக்குப் போய்விடுகிறது. பை மீனோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடமே இருக்காது.

இந்த மெஷின் செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். ஈரத்தை எடுக்காது. கிருமியைக் கொல்லாது. காயவைப்பதும் குளிரவைப்பதும்தான் பொருளைக் காப்பாற்றும் முதல் இரண்டு வேலைகள். காற்றெடுப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் நம்புகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். சில பொருட்களில் அது ஆபத்தாகவும் முடியும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இது தேவையா?

தினமும் காய்கறி வாங்கி, வாரம் ஒருமுறை மளிகை வாங்கி, அப்போதைக்கப்போது சமைத்துத் தீர்க்கும் வீட்டுக்குத் தேவையில்லை. நல்ல மூடியுள்ள டப்பாக்களே போதும்.

அறுவடை நேரத்தில் ஊரிலிருந்து மூட்டையாகப் பருப்பும் சிறுதானியமும் வருகிறதா? துறைமுகத்திலோ ஏலத்திலோ மொத்தமாக மீன் வாங்கிப் பிரித்து வைக்கிறீர்களா? வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு மாதா மாதம் பொடி அனுப்புகிறீர்களா? வெயில் காலத்தில் வத்தல், வடகம், கருவாடு போட்டு ஐப்பசி மழை வரைக்கும் வைக்கிறீர்களா? அப்படியென்றால் வாங்கலாம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வத்தல் நமத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

எத்தனை வகை இருக்கிறது? எதை வாங்கலாம்?

வீட்டுக்கு வருபவை மூன்று வகை.

கையில் பிடித்துக் காற்றெடுக்கும் சின்னப் பம்பு ஒன்று. வால்வு வைத்த ஜிப் பைகளோடு வரும். இது வாயை உருக்கி ஒட்டுவதில்லை, ஜிப்பைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஃப்ரிட்ஜில் வைக்கச் சரி. மாதக் கணக்குக்கு உதவாது.

அடுத்தது நீளப் பெட்டி மாதிரி இருக்கும் சாதாரண வீட்டு மெஷின். பையின் வாயை மட்டும் உள்ளே வைத்து மூடியை அழுத்தினால் காற்றை உறிஞ்சிச் சீல் போடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே சரியானது. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

மூன்றாவது சேம்பர் மெஷின். பையை முழுவதுமாகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் காற்று குறைவதால் குழம்பு, மாரினேட் செய்த கறி போன்ற ஈரமானவற்றைக்கூட வழியாமல் சீல் செய்யும். சாதாரண வழவழப்பான பையே இதற்குப் போதும், அதனால் பைச் செலவு குறைவு. ஆனால் எடை அதிகம், இடம் அடைக்கும், விலையும் பல மடங்கு. வீட்டிலிருந்து பொடி, கருவாடு வியாபாரம் செய்பவர்களுக்கு இதைச் சொல்வேன். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

“மைனஸ் 80 கேபிஏ” என்று போட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதா?

கேபிஏ என்பது கிலோ பாஸ்கல். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 101. அதில் 80-ஐக் குறைத்தால் மிச்சம் 21, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வீட்டு மெஷின்கள் பலவும் 60 முதல் 80 வரை போட்டிருக்கும். வீட்டு வேலைக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. பை பொருளோடு ஒட்டிச் சுருங்கிவிட்டால் உள்ளே தங்கும் காற்றின் அளவே சொற்பம்தான். ஊட்டி மாதிரி உயரமான ஊர்களில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 77தான் என்பதால் அங்கே எந்த மெஷினும் இந்த எண்ணைத் தொடாது. அது மெஷினின் கோளாறு இல்லை.

அந்த எண்ணைவிட, பையின் வாயை உருக்கி ஒட்டும் சீல் கோடுதான் எனக்கு முக்கியம். மாதம் ஆறானாலும் காற்று புகாமல் காப்பது அந்தக் கோடுதான்.

அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சீல் கோடு அகலமாக இருக்க வேண்டும். இரட்டைக் கோடு போடும் மெஷின் என்றால் இன்னும் நல்லது. காற்றெடுக்காமல் சீல் மட்டும் போடும் பட்டன் கட்டாயம் வேண்டும். ரோலை வெட்டிப் பை செய்வதற்கும், முறுக்கு போல நொறுங்கும் பொருளைக் கட்டுவதற்கும் அதுதான் உதவும். காற்றை விட்டு விட்டு இழுக்கும் ‘பல்ஸ்’ பட்டன் இருந்தால், பொருள் நசுங்கும் முன் நாமே நிறுத்தலாம். காய்ந்தது, ஈரமானது என்று இரண்டு முறை இருப்பதும் நல்லது. ஈர முறையில் சீல் சூடு சற்று நேரம் கூடுதலாக நிற்கும்.

பையிலிருந்து ஏறி வரும் நீரைப் பிடிக்கும் தட்டு தனியாகக் கழற்றிக் கழுவும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மீன் சீல் செய்யும் வீட்டில் அது கழற்ற முடியாததாக இருந்தால் நாற்றம் போகவே போகாது.

மூடியின் விளிம்பில் காற்று புகாமல் அழுத்திப் பிடிக்கும் கேஸ்கட் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதலில் தேய்வது அதுதான். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன ரப்பர் பஞ்சுக்காக மொத்த மெஷினையும் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அப்படியே மாட்டலாமா?

மாட்டாதீர்கள். முதலில் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ‘120வி’ என்று மட்டும் இருந்தால் நேராக மாட்டியதும் பொசுங்கிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் மெஷினின் வாட்ஸைத் தாங்கும் அளவில். பிளக் முனையை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டனிலிருந்து வந்ததென்றால் பிளக் முனையை மாற்றினாலே போதும்.

இதற்கென்று தனிப் பைதான் வேண்டுமா? மளிகைக்கடை பாலிதீன் கவர் போதாதா?

போதாது. சாதாரண வீட்டு மெஷினில் வழவழப்பான கவரை வைத்தால் காற்று இழுக்கத் தொடங்கியதுமே இரண்டு பக்கமும் வாயருகே ஒட்டிக்கொள்ளும், உள்ளிருக்கும் காற்று வெளியே வர வழியிருக்காது. இதற்கான பையில் ஒரு பக்கம் வைர வடிவில் மேடு பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளங்கள்தான் காற்றுக்கு வாய்க்கால். இன்னொன்று, பாலிதீன் வழியாக ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளே கசியும். வேக்யூம் பையில் வெளிப்பக்கம் நைலான், உட்பக்கம் பாலிதீன் என்று இரண்டு அடுக்கு. நைலான் ஆக்சிஜனைத் தடுக்கிறது, பாலிதீன் ஈரத்தைத் தடுத்து, உருகி ஒட்டவும் உதவுகிறது.

உணவுக்கானது என்ற குறிப்பு பாக்கெட்டில் இருக்க வேண்டும். ரோலாக வாங்கி வெட்டிக்கொள்வது சிக்கனம். 20 செ.மீ., 28 செ.மீ. அகலங்கள் பரவலாகக் கிடைக்கும். பை வாயைச் சூட்டில் ஒட்டும் சீல் கம்பி மெஷினில் எவ்வளவு நீளம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சீல் போடும்போது எதில் கவனம் வேண்டும்?

பையின் வாயில். முதலில் வாயை வெளிப்பக்கமாக நாலு விரல் அளவு மடித்துவிடுங்கள். பொருளைப் போட்டபின் மடிப்பை நிமிர்த்தினால் உட்பக்கம் பொடியோ எண்ணெயோ ஒட்டாமல் சுத்தமாக இருக்கும். பொருளுக்கு மேல் குறைந்தது எட்டு செ.மீ. காலியாக விடுங்கள். கையால் தடவிச் சுருக்கமில்லாமல் இழுத்து வைத்து மூடுங்கள்.

சீல் விழுந்ததும் பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல சீல் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராகக் கண்ணாடி போலத் தெரியும். மேடு பள்ளக் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் மறைந்திருக்கும். நடுவில் வெள்ளையாகப் புள்ளியோ, முடி போல ஒரு சுருக்கக் கோடோ, குமிழோ இருந்தால் அங்கேதான் காற்று போகும். உடனே அரை அங்குலம் தள்ளி இன்னொரு சீல் போட்டுவிடுங்கள். அடுத்தடுத்து நிறையப் பை போட்டால் கம்பி அதிகம் சூடேறிச் சீல் இடத்தைப் பொசுக்கும். இடையிடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

மீன், கறி, இறால்?

இந்த மெஷின் கொடுத்த காசுக்கு உழைப்பது இங்கேதான். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கழுவி, நன்றாக வடித்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அப்படியே சீல் போட்டால் மீன்நீர் பையின் வாய்க்கால்கள் வழியே மேலேறி, சீல் கம்பி வரைக்கும் வந்து ஒட்டவிடாமல் செய்யும். அதனால் துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். மேற்பரப்பு இறுகியதும் பையில் போட்டுச் சீல் செய்யுங்கள். வஞ்சிரம், சங்கராத் துண்டுகள் உடையாமல், வடிவம் குலையாமல் இருக்கும்.

முள்ளும் எலும்பும் பையைக் குத்தும். நறுக்கிய எலும்பு முனையிலும், இறாலின் தலைக் கொம்பிலும் மடித்த பட்டர் பேப்பரை வைத்துவிடுங்கள். இறாலின் தலையை எடுத்துவிட்டு வைப்பது இன்னும் நல்லது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். தேதி எழுத மறக்க வேண்டாம்.

எடுத்துச் சமைக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். உறைந்த மீன் பாக்கெட்டை இளக விடும் முன் பையைக் கிழித்துவிட்டு, பாத்திரத்தில் மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

வேக்யூம் செய்தால் ஆபத்து உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தப் பக்கத்தில் வேறெதைத் தாண்டிப் போனாலும் இதைப் படித்துவிடுங்கள்.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்றொரு கிருமி மண்ணில் எங்கும் இருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் ஆகாது. காற்றில்லாத இடம், ஈரம், புளிப்புக் குறைவு, மிதமான சூடு என்ற நான்கும் சேர்ந்தால் அது வளர்ந்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். மூச்சுத் தசை வரைக்கும் முடங்கி உயிரே போகலாம். அதன் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாகாது. நாம் சமைத்த சாம்பாரைச் சீல் போட்டு மேடையில் வைத்தால், அதனோடு போட்டியிடும் மற்றக் கிருமிகளைச் சமையல் ஒழித்துவிட்டது, காற்றையும் நாமே எடுத்துக்கொடுத்துவிட்டோம் என்று ஆகிறது. இதன் சில வகைகள் 3 டிகிரி குளிரில்கூட வளரும். மீனோடு தொடர்புள்ள வகை அப்படிப்பட்டது. அதனால்தான் பையைக் கிழித்துவிட்டு இளக்கச் சொன்னேன். கொடுமை என்னவென்றால், நஞ்சு ஏறிய உணவில் வாடையோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம்.

எனவே உரித்த பூண்டையும் காளானையும் பச்சையாகச் சீல் போட்டு வெளியிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்கக் கூடாது. இஞ்சி பூண்டு விழுதும் அப்படித்தான், ஃப்ரீசரில் மட்டும் வைக்கலாம். எண்ணெயில் ஊறிய பூண்டுக்கும் இதே விதி. சமைத்த எந்த உணவையும் சீல் போட்டு வெளியில் வைக்கக் கூடாது.

சமைத்த குழம்பு, பொரியலை ஃப்ரிட்ஜில் வேக்யூம் செய்து வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் நாள் கூடாது. டப்பாவில் எத்தனை நாள் வைப்பீர்களோ அதே மூன்று நாலு நாள்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

சூடாக இருக்கும்போது சீல் போடாதீர்கள். ஆவி பம்புக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும். தவிர, காற்றழுத்தம் ஐந்தில் ஒன்றாகக் குறையும்போது தண்ணீர் 60 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிப்பு அடங்கிய குழம்புகூடச் சூடு ஆறாவிட்டால் பைக்குள் பொங்கி வழிவது அதனால்தான். முழுக்க ஆறவைத்து, டப்பாவில் ஊற்றி உறையவைத்து, கட்டியாக எடுத்துப் பையில் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

பருப்பிலும் அரிசியிலும் வண்டு வராமல் இருக்குமா?

வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டை வைக்கிறது, பயறு வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிட்டுவிடுகிறது. நாம் வாங்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடுகின்றன. காற்றில்லாமல் அவை பெருக முடியாது என்பது சோதித்து அறிந்த விஷயம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கும் ‘சூப்பர் பேக்’ இந்த வழியில்தான் வேலை செய்கிறது. காற்று புகாத பைக்குள் தானியமும் பூச்சியும் சுவாசித்தே ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது, மருந்தில்லாமலே பூச்சி ஒடுங்குகிறது.

வீட்டில் நான் சொல்வது இது. பருப்பை வெயிலில் காயவைத்து, முழுக்க ஆறவிட்டு, சீல் போட்டு, அந்தப் பையை நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு வெளியே எடுத்து அலமாரியில் வைக்கலாம். எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பில் பனியாகப் படிந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த தானியத்தைச் சீல் போடவே வேண்டாம். அரிசியில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுக் கணக்கு.

அரிசியின் கூர்முனை பையைக் குத்தும். ஐந்து கிலோவாகக் கட்டாமல் ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள்.

கம்பு மாவு சீல் போட்டும் கசந்துபோனது. ஏன்?

கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அதிலுள்ள லைபேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். அந்த வேலைக்கு ஆக்சிஜன் தேவையில்லை, அதனால் காற்றெடுத்தாலும் நிற்காது. கம்பை முழுத் தானியமாகச் சீல் போட்டு வைத்து, தேவைக்கு அரைத்துக்கொள்ளுங்கள். மாவாகத்தான் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, மிளகாய்த்தூள்?

பொடி காற்றோடு பறந்து சீல் இடத்தில் படியும், பம்புக்குள்ளும் போகும். பொடியை ஒரு காகிதப் பையில் போட்டு மடித்து, அதை வேக்யூம் பைக்குள் வையுங்கள். அல்லது பொடிக்கு மேலே மடித்த டிஷ்யூ பேப்பரை அணையாகச் செருகிவிட்டுக் காற்றெடுங்கள். வறுத்த சூடு முழுக்க ஆறிய பிறகுதான் சீல். எள், தேங்காய், நிலக்கடலை சேர்ந்த பொடிகள்தான் முதலில் சிக்கு வாடை பிடிப்பவை என்பதால் அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். சீல் போட்டாலும் வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.

முறுக்கு, அப்பளம் நொறுங்கிவிடாதா?

நொறுங்கும். காற்றெடுக்காமல் சீல் மட்டும் போட்டு, உள்ளே ஒரு ஆக்சிஜன் அப்சார்பர் பாக்கெட் போடுங்கள். அதிலிருக்கும் இரும்புத்தூள் துருப்பிடித்தே பைக்குள் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். காற்றின் மற்றப் பகுதி அப்படியே இருப்பதால் பை நசுக்காது. சிலிக்கா ஜெல் வேறு, அது ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். ஈரமான உணவில் ஆக்சிஜன் அப்சார்பர் வேண்டாம், மேலே சொன்ன கிருமிக்கு அதுவும் வழிவிடும்.

காய்கறி?

பச்சையாகச் சீல் போட வேண்டாம், காய்கள் சுவாசிக்கும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வாயுவை விட்டுப் பையை உப்பவைக்கும். கொதிநீரில் முக்கியெடுத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, துடைத்து, பரப்பி உறையவைத்துச் சீல் போடுங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பீன்ஸ், காலிஃபிளவருக்கு மூன்று நிமிடம். தேங்காய்த் துருவலை முக்க வேண்டியதில்லை, நேராக ஃப்ரீசருக்குப் போகலாம். இட்லி மாவு பைக்குள்ளும் பொங்கும், அதை விட்டுவிடுங்கள்.

நேற்று இறுக்கமாக இருந்த பை இன்று தளர்ந்திருக்கிறது. தூக்கிப் போடவா?

தளர்ந்ததா, உப்பியதா என்று பாருங்கள். பருப்பு, பொடி போன்ற காய்ந்த பொருளில் பை தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை அல்லது சீல் சரியில்லை. பையைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். வேறு பையில் மாற்றிக் கட்டிவிடலாம். ஆனால் மீன், கறி, சமைத்த உணவு வைத்த பை பலூன் போல உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு விட்டிருக்கிறது. திறந்து முகர்ந்தோ ருசித்தோ பார்க்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள்.

பொண்ணு அமெரிக்காவில் இருக்கிறாள். வேக்யூம் செய்தால் கஸ்டம்ஸில் விடுவார்களா?

பை எதுவாக இருந்தாலும் சட்டம் பொருளைத்தான் பார்க்கும். தானியத்தை அழிக்கும் ‘கப்ரா’ வண்டுக்குப் பயந்து இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா 2011 முதல் தடுத்திருக்கிறது. சீல் போட்டிருந்தாலும் எடுத்துவிடுவார்கள். கறி சேர்ந்த பொருட்களும் கூடாது. கொண்டுபோகும் உணவை ஒளிக்காமல் கஸ்டம்ஸில் தெரிவிக்கச் சொல்லுங்கள். கொப்பரையை எடுத்துப்போகவே வேண்டாம். தானாகத் தீப்பிடிக்கக் கூடியது என்று அது விமானப் போக்குவரத்தின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. பொடிகளைப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் அமெரிக்கா செல்லும் விமானங்களில் தனியாகச் சோதிப்பார்கள். ஒவ்வொரு பையிலும் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால் பாதிக் கேள்வி குறையும்.

பையைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

பருப்பு, முந்திரி வைத்த பை என்றால் தாராளமாக. சீலை ஒட்டியே வெட்டித் திறந்தால் பை நாலைந்து முறை வரும். பச்சை மீன், கறி, எண்ணெய் பட்டவற்றை வேண்டாம். மேடு பள்ளத்துக்குள் தங்குவதைக் கழுவி எடுக்க முடியாது.

மெஷின் காற்று இழுக்கவே மாட்டேன் என்கிறது.

ரிப்பேர் கடைக்குப் போகும் முன் கேஸ்கட்டைப் பாருங்கள். ஒரு பருப்புத்துண்டு ஒட்டியிருந்தாலே காற்று இழுக்காது. கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, காயவைத்து, பள்ளத்தில் சரியாக உட்காரவையுங்கள். காற்று இழுத்துச் சீல் மட்டும் விழவில்லை என்றால் சூட்டுக் கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் டெஃப்ளான் டேப் கருகியிருக்கலாம். அந்த டேப் தனியாகக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கி, கம்பி ஆறியபின் பழையதை உரித்துப் புதியதைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். உபயோகிக்காத நாட்களில் மூடியைப் பூட்டி வைக்காதீர்கள். அழுந்தியே கிடந்தால் கேஸ்கட் தட்டையாகிப்போகும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.